ஒற்றுப்பிழை

சிம்மக்கல்லில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு
ஒரு நாவலோடு வந்தார் ஒச்சப்பன்.
கண்டக்டர். இப்போது சஸ்பென்ஷன்.
தோள்வரை முடி. தோல்பையில்
சில்லறை இருக்க வேண்டிய இடத்தில்
நானூறு பக்கம், பாதி
டிரிப் ஷீட்டின் பின்புறத்தில்.

"புக்கு அடிக்கிற எடமில்லண்ணே இது."
"டைப் மட்டும் அடிச்சுக் குடு தாயி."

பகலில் காதுகுத்து, மொட்டை, மாவட்டச் செயலாளர் வருகை.
கடை அடைத்த பிறகு அவருடைய தேசம்.

அங்கே ரேஷனில் பெருமை போடுகிறார்கள்,
அட்டைக்கு இரண்டு கிலோ.
சீனி வரவில்லை, பருப்பு அடுத்த மாதம்,
பெருமை மட்டும் மூட்டை மூட்டையாக.
வாங்காதவன் பெயர் கரும்பலகையில் ஏறுகிறது.
ஒருத்தி அதை உலையில் போட்டுப் பார்க்கிறாள்:
வேகவில்லை,
ஆனால் பொங்குகிறது.
அந்த நாட்டு நீதிமன்ற வாசலில்
வாய்மையே வெல்லும்,
கீழே பொடி எழுத்தில்
நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

தனியாகச் சிரித்துக்கொண்டே அடித்தேன்.

ஏழாம் அத்தியாயத்தில் மந்திரிக்கு
கிரேன் வைத்து ஆப்பிள் மாலை போடுகிறார்கள்.
புரூஃப் பார்க்க வந்தவர்
என் திரையில் ஒத்தக்கடை ஆர்டரைப் பார்த்தார்.
கிரேன். ஆப்பிள். அதே எடை.
பேனாவை எடுத்து கிரேனை அடித்து
ஹெலிகாப்டர் என்று எழுதினார்.
மறுவாரம் மேலூரில் ஹெலிகாப்டர் பூத்தூவியது.
"நான் ஏத்த ஏத்த அவெங்யளும் ஏத்துறாய்ங்களே தாயி,
எங்கிட்டுப் போயி நிக்கிறது?"

அப்புறம் அந்த ராத்திரி.
நாற்பதுக்கு இருபது, பிறந்தநாள், விடிவதற்குள் வேண்டும்.
ரெண்டு தடவை கரண்ட் போனது.
வாழ்த்து வரியை ஒட்டியபோது ஒட்டியது
நாவலின் அரசவைப் புலவன் பாடுவது:

பசித்தோர்க்கு பெருமை பரிமாறிய பெருந்தகையே

விடிந்தபோது கோரிப்பாளையத்தில் கட்டியிருந்தார்கள்.
பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.
இறங்கி ஊருக்கே ஓடிவிடலாமா என்று வந்தது.

பதினோரு மணிக்கு நாலு வெள்ளைச் சட்டை.
"யாரும்மா அந்த வரி எழுதுனது?"
முதலாளி என்னைப் பார்த்தார்,
நான் கீபோர்டைப் பார்த்தேன்.
"அண்ணன் கண்ணு கலங்கிட்டாரு.
உசிலம்பட்டி வரைக்கும் இன்னும் பத்து அடிங்க."

போனில் சொன்னதும் ஒச்சப்பன் நேரே கோரிப்பாளையம் போனார்.
மூன்று சிக்னல் விழுந்து எழும்வரை
அதன் அடியில் நின்றிருக்கிறார்.
அவர் டிப்போ வண்டி ஒன்று ஹாரன் அடித்ததாம்,
திரும்பவில்லை.
நாலு பையன்கள் போட்டோ எடுக்க
கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.
தள்ளி நின்றிருக்கிறார்.

கடைக்கு வந்து செம்புத் தண்ணியை முழுசாகக் குடித்தார்.
திட்டுவார் என்று காத்திருந்தேன், சிரிப்பார் என்றும்.

"'க்கு'வுக்குப் பெறகு
ஒரு 'ப்' விட்டுப்போச்சு தாயி," என்றார்.
"அந்தப் பத்துலயாச்சும் போட்டுரு."