ஏழாம் எண் ஜன்னல்

முப்பத்தொரு வருடம்
ஓய்வூதிய அலுவலகத்தில் ஏழாம் எண் ஜன்னல் என்னுடையது.
கண்ணாடியின் அடியில் நாலு விரற்கடைத் திறப்பு.
அதன் வழியே தாள் வரும், தாள் போகும்.
முகம் பார்க்கத் தேவையில்லை.
'பரிசீலனையில் உள்ளது' முத்திரை
வலதுகைப் பக்கம் இருந்தது.
அதன் மரப்பிடியில் என் கட்டைவிரல்
ஒரு குழி பறித்து வைத்திருந்தது.

இன்று திங்கட்கிழமை,
பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம்.
பில்பாவோ நகராட்சி மாளிகைப் படிகளில்
முழங்கால் உறையும் சிவப்புக் குடையுமாக
நானும் நிற்கிறேன்.
இந்த ஊரில் தூறலுக்கு சிரிமிரி என்று பேர்.
அது பெய்வதில்லை,
சும்மா வந்து உட்கார்ந்துகொள்ளும்
கடன் கொடுத்தவன் மாதிரி.

ஜனவரியில் கடிதம் வந்தது.
'தங்கள் ஓய்வூதியம் உயர்த்தப்பட்டுள்ளதை
மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'
ஒரு யூரோ எழுபது சென்ட்.
ஒரு காப்பிக்கு ஆகும், பால் இல்லாமல்.
அந்த மகிழ்ச்சியை எனக்கு நன்றாகத் தெரியும்.
எத்தனை பேருக்கு அதை மடித்து
உறையிலிட்டு நாக்கால் ஒட்டியிருக்கிறேன்!
பசையின் கசப்பு அன்றே தெரிந்தது,
கடிதத்தின் கசப்பு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

கோல்டோ ஆம்புலன்ஸ் ஓட்டியவர்.
வாயாலேயே சைரன் ஊதுவார்.
பேருந்துக்காரர்கள் பழக்கதோஷத்தில் ஒதுங்கி நிற்பார்கள்.
எதுர்னே அரசுப் பள்ளியில் சமைத்தவள்.
நானூறு பிள்ளைகளுக்குப் பருப்பு கிண்டிய அகப்பையால்
அலுமினியச் சட்டியை அடிக்கிறாள்.
அவளுக்குக் காது கேட்காது,
எப்போது நிறுத்துவது என்றும் தெரியாது.
எல்லாரும் ஒரு தாய் மக்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
பதாகையின் நடுவை யார் பிடிப்பதென்று
மூன்று வாரம் சண்டை நடந்தது.

எனக்குக் கொடுத்த வேலை படிவம் நிரப்புவது.
கூட்டம் கூட முன்னறிவிப்பு, மூன்று பிரதி.
படிவமென்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
நோக்கம்: உயிரோடிருத்தல் என்று எழுதி,
அடித்துவிட்டு, ஓய்வூதியப் பாதுகாப்பு என்று எழுதினேன்.
ஒலி எழுப்பும் கருவிகள்:
சட்டி ஒன்று, அகப்பை ஒன்று, கோல்டோ ஒருவர்.
எதிர்பார்க்கும் எண்ணிக்கை: நாற்பது.
முதல் திங்களில் பதினேழு பேர் வந்தார்கள்.
இப்போது பாலத்தின் பாதிவரை குடைகள்.
கீழே நெர்வியோன் ஆறு
எங்கள் பக்கமும் இல்லை, அவர்கள் பக்கமும் இல்லை.

போன வாரம் ஒரு கிழவி
என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.
"நீ ஏழாம் ஜன்னல்தானே?"
திருமதி உகார்த்தே. கணவர் தபால்காரர்.
விதவை ஓய்வூதியத்தில் பதினோரு யூரோ குறைந்தது.
"ஆறு தடவை வந்தேன்.
உன் வகிடு எனக்கு மனப்பாடம்.
ஒரு தடவைகூட நீ நிமிரவில்லை."

என்ன சொல்ல.
பரிசீலனையில் உள்ளது,
நுனிநாக்கு வரை வந்தது அதுதான்.
அவள் பதாகையின் கழியை என் கையில் திணித்தாள்.
மன்னித்தாள் என்று எழுதினால் பொய்.
அவளுக்குத் தோள்பட்டை வலி.
ஒரு மணி அடிக்கும்வரை அதைப் பிடித்து நின்றேன்.
கழி கனம். மழையில் துணி இன்னும் கனம்.

அமைச்சகம் ஒரு குழு அமைத்திருக்கிறதாம்.
சுற்றிலும் கை தட்டினார்கள்.
நான் தட்டவில்லை.
குழு எனக்குத் தெரியும்:
நாலு நாற்காலி, ஒரு கோப்பு,
கோப்பின் மேல் இன்னொரு கோப்பு.
ஆனாலும் வெட்டுவதாகச் சொன்ன மசோதா
இரண்டு மாதமாக மேசையை விட்டு எழவில்லை.
மேசைக்குக் கீழே எங்கள் சத்தம் கேட்கிறது போலும்.

இன்று காலை அடுத்த படிவத்தோடு போனேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பையன்.
"முடியும் தேதி விட்டுப்போயிருக்கிறது" என்றான்
தாளைத் திறப்பு வழியே திருப்பித் தள்ளி.
வகிடு இடப்பக்கம் எடுத்திருந்தான்.

நான் நகரவில்லை.
அவன் நிமிரட்டும் என்று நின்றேன்.
எனக்குப் பின்னால் வரிசையில் எதுர்னே,
கையில் சட்டி.