எண்பத்தேழு

இந்த வரைபடத்தில் வெள்ளை என்றால் காடு.
பச்சை என்றால் நுழையாதே.
நீலக்கோடுகள் சதுப்பு: ஷூவைக் கேட்கும்,
சில நாள் முழங்காலையும்.
பழுப்புக் கோடுகளைத்தான் படிக்கத் தெரியவேண்டும்,
ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக
மேட்டைச் சுற்றிப் போகும் ரேகைகள்.
அவற்றின்மேல் என் கட்டைவிரல்.
ஓட ஓட விரலும் நகரவேண்டும்.
விரல் நின்றுவிட்டால்
கால் எங்கே இருக்கிறது என்று
யாருக்கும் தெரியாது.

நவம்பரில் காயானியில்
மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும்.
பேருந்துப் பணிமனையில் கைகழுவிவிட்டு
டீசல் வாசனையோடே காட்டுக்குப் போவேன்.
நூறு மீட்டருக்கு என் இரட்டையடி
பாதையில் நாற்பத்திரண்டு,
புளூபெர்ரிப் புதரில் ஐம்பத்தொன்று.
பனி கணுக்காலைத் தாண்டினால்
கணக்கை விட்டுவிடு.
மழை நாளில் உடற்பயிற்சிக் கூடத்து சைக்கிள்.
மூச்சு வாங்கும்போது ஓஸ்மோ
ஒரு வரைபடத்தைப் பத்து நொடி காட்டி மறைப்பான்.
"சதுப்பு எந்தப் பக்கம் வழிகிறது?"
தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததையும்
தெரிந்த குரலில் சொல்வேன்.
அவனுக்கு அந்தக் குரல் பிடிபட்டுவிடும்.
"நீ பார்க்கவில்லை, ஹெல்கா. விரும்பினாய்."

செப்டம்பர் இரவுப் போட்டி.
இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக விட்டார்கள்.
எனக்கு அடுத்து டூயிரெ.
முதல் ஆறு கொடிகளும்
அழைத்தாற்போல் வந்து நின்றன.
ஆரஞ்சும் வெள்ளையும்,
சில்லை நுழைத்தால் ஒரு கீச்சொலி,
அடுத்தது.
அங்கேதான் எனக்குக் கொஞ்சம்
அழகாக ஓடுகிறோம் என்று தோன்றியது.

ஆறிலிருந்து ஏழுக்கு நானூற்றி முப்பது மீட்டர்.
சதுப்பைக் கடந்து சரிவேறி
மூன்றாவது பள்ளம். கொடி எண் ஐம்பத்திரண்டு.
சதுப்பில் எண்ணிக்கை தவறியது.
நிற்கவேண்டிய இடம் அது.
வலப்பக்கம், ஸ்ப்ரூஸ்களுக்கு நடுவே
ஒரு விளக்கு நிதானமாக அசைந்தது.
டூயிரெ முந்திவிட்டாள்,
கண்டும்பிடித்துவிட்டாள்.
திரும்பினேன்.
இந்த மேடு அந்த மேடுதான் என்றேன்.
மேடு மறுக்கவில்லை.
இந்தப் பாறை கொஞ்சம் பெரிது, பரவாயில்லை என்றேன்.
பாறையும் ஒன்றும் சொல்லவில்லை.
நிலம் யாரோடும் வாதாடுவதில்லை.

பள்ளத்துக்குள் கொடி இருந்தது.
எண்பத்தேழு.

எதிர்ச்சரிவில் அவள் இறங்கி வந்தாள்.
இருவர் வெளிச்சமும் இருவர் கண்ணையும் குத்தியது.
அவள் எண்ணைப் படித்தாள்.
நான் அவள் முகத்தைப் படித்தேன்.
பேசக்கூடாது என்பது விதி;
விதி இல்லாவிட்டாலும்
பேச என்ன இருந்தது?
அவள் வடக்கே போனாள்.
நான் சதுப்பின் விளிம்புவரை திரும்பி நடந்தேன்,
ஓடவில்லை, நடந்தேன்,
நீலமும் வெள்ளையும் தொடும் மூலையில்
விரலை மறுபடி வைத்தேன்.
அங்கிருந்து நூற்றிப்பத்து மீட்டர்.
ஐம்பத்திரண்டு என்னைக் கண்டு
வியக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.
கீச்.

நான் பதினான்காவது. அவள் பதினொன்று.
கூடாரத்தில் பட்டாணி சூப்.
எல்லோரும் சிவப்புப் பென்சிலால்
ஓடிய வழியை வரைந்துகொண்டிருந்தார்கள்.
என் கோடு ஆறுவரை நேராக வந்து
அப்புறம் நூல்கண்டாகிவிட்டது.
டூயிரெ தன் தாளை என் பக்கம் தள்ளினாள்.
அதே இடத்தில் அவளுடைய கண்டு.

"உன் விளக்கைப் பார்த்துத்தான் திரும்பினேன்," என்றாள்.
"அவ்வளவு உறுதியாகப் போய்க்கொண்டிருந்தது."

சூப் ஆறிக்கொண்டிருந்தது.
நான் சிரிக்க ஆரம்பித்ததில்
கடுகுச் சாந்து அவள் தாளில் தெறித்து
எண்பத்தேழை மறைத்தது.
ரொட்டியின் கடைசித் துண்டால்
அவள் அதை வழித்துத் தின்றாள்.
"வியாழக்கிழமை நிலா இருக்கும்.
விளக்கில்லாமல் ஓடிப் பார்க்கலாமா?"

நிலா இருக்குமா என்று
நான் எங்கும் சரிபார்க்கவில்லை.
வருகிறேன் என்றேன்.