முப்பத்தொன்று

மொய்னாக்கில் பஸ் ஏறும்போது முப்பத்தொன்று.
நுகுஸில் ரயில் மாறும்போது முப்பத்தொன்று.
கீவாவின் மண்கோட்டை வாசலில் முப்பது,
பிறகு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த தௌலத்யாரைச் சேர்த்து
முப்பத்தொன்று.

எப்படி இருந்தது டீச்சர் அந்த நீல ஓடெல்லாம்,
ஊரில் கேட்பார்கள்.
நான் பார்த்ததெல்லாம் தலைகள்.
ஒற்றைச் சுழித் தலை, இரட்டைச் சுழித் தலை,
மஞ்சள் ரிப்பன்,
பேன் இருக்குமோ என்று என் கையையே சொறியவைத்த ஒரு தலை.
பாதியில் கட்டி நிறுத்திய அந்தத் தடித்த கோபுரத்தை
நான் கவனித்ததே
ஐத்முரத் வாந்தியெடுத்த பையை வைத்துக்கொண்டு
குப்பைத்தொட்டியைத் தேடியபோதுதான்.

புகாராவில் வழிகாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
குற்றவாளிகளை இந்த உச்சியிலிருந்துதான் தள்ளுவார்களாம்.
எல்லாக் கழுத்தும் ஒன்றாய் மேலே போயின.
மூன்று நாளில்
சுலபமாக எண்ண முடிந்தது அப்போதுதான்.
ஒருவரும் அசையவில்லை.

அருங்காட்சியகத்தில் அறைக்கு ஒரு பெண்மணி,
கம்பளிச் செருப்பு, மடியில் பின்னல் ஊசி.
வாள்களைத் தாண்டி, பட்டு அங்கிகளைத் தாண்டி,
கடைசி அறையின் கண்ணாடிக்குள் ஒரு மீன் டப்பா.
எங்கள் ஊர் ஆலையின் முத்திரை,
துள்ளும் மீன், கீழே இரண்டு அலை.
பெரிசாத் கத்தினாள்:
"டீச்சர், இதுலதான் எங்க வீட்டுல ஆணி போட்டு வெச்சிருக்கோம்!"
பின்னல் ஊசி நின்றது.
"உங்க டப்பாவுக்கு மூடி இருக்கா?" என்றார் அந்தப் பெண்மணி,
"எங்களுதுக்கு இல்ல."

சமர்கந்தில், குன்றின் மேல்,
நட்சத்திரங்களை எண்ணிய அரசனின் கூடத்தில்
முப்பத்திரண்டு.

மறுபடி எண்ணினேன்.
முப்பத்திரண்டு.
குறைந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்,
கத்துவேன், ஓடுவேன், போலீஸைக் கூப்பிடுவேன்.
கூடினால்?

உல்மேகனின் பையைச் சுமந்துகொண்டு நின்றான்,
காதுகள் பெரிய பையன்.
காலையில் வாசலில் காந்த பொம்மை விற்றவன்.
"நீ யாருப்பா?"
"உங்க ஆளுதான்."
பிறகு மெல்ல: "பேரு ஷெரோஸ்.
ஸ்கூல் பசங்களுக்கு டிக்கெட் இல்லையாமே.
தினமும் வெளியவே நிக்கிறேன்."

வரிசையில் தள்ளிவிட்டேன்.

மேலே இருந்த கட்டடம் எப்போதோ போய்விட்டது.
பாறையைக் குடைந்து இறங்கும் வில் மட்டும் மிச்சம்,
வானத்தை அளக்க
இத்தனை ஆழம் தோண்டியிருக்கிறார்கள்.
அரசனின் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் நட்சத்திரம்,
என்றார் வழிகாட்டி.
அவற்றுக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருக்காது,
என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பியைப் பிடித்தபடி ஷெரோஸ் கேட்டான்:
"உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?"
"கப்பல்," என்றாள் பெரிசாத்.
"அப்போ கடலா?"
"இல்ல. கப்பல் மட்டும். மணல்ல."
சிரித்தான்.
வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிய
அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
தொழில்காரன், கண்ணைச் சுருக்கினான்:
"டிக்கெட் எவ்வளவு?"
"சும்மாதான். ஏறிக்கூட விளையாடலாம்.
துரு ஒட்டும், அவ்வளவுதான்."

படியில் எடுத்த போட்டோவில் அவனும் இருக்கிறான்,
நடுவில், ஐத்முரத்தின் தோளில் கைபோட்டு.
தலைமையாசிரியர் எண்ணமாட்டார்
என்று நம்புகிறேன்.

இரவு ரயிலில் எல்லாரும் தூங்கியபின்
இருபதாயிரம் சோம் கொடுத்து வாங்கிய படப்புத்தகத்தைத் திறந்தேன்.
இதுதானா நான் மூன்று நாள் நின்ற இடம்.
நீலத்துக்குள் நீலம், அதற்குள் ஒரு வெள்ளைப் பூ.
விரல் தானாகப் போனது.
முதல் பூவில் எட்டு இதழ்.
அடுத்ததிலும் எட்டு.
மூன்றாவதில் ஏழு.

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு,
பெர்த் பெர்த்தாகப் போய்
போர்வைகளை விலக்கினேன்.