சீட்டில் உள்ளபடி

ஆறாயிரம் லிட்டர் விற்றதற்காக
பெயிண்ட் கம்பெனிப் பையன் கவர் கொண்டுவந்தான்.
சென்னைத் துறைமுகத்திலிருந்து ஐந்து இரவு,
இலங்கை போய்த் திரும்பும் கப்பல்,
தம்பதிக்கு.
கூடவே ஒரு தாள்: பாஸ்போர்ட் கட்டாயம்,
இன்னும் ஆறு மாதமாவது அதற்கு உயிர் இருக்க வேண்டும்,
பெயர் சீட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து.

பர்கூர்க்காரிக்குத் தெரிந்த பெரிய தண்ணீர்
கே.ஆர்.பி. அணை.
ஒகேனக்கல்லில் ஒரு தடவை பரிசல் ஏறினேன்.
பரிசல்காரர் என் உடம்பைப் பார்த்து
"நீ அந்தப் பக்கம் உட்காரும்மா" என்றார்.
அவருக்கு எடை போதும்.

இ-சேவை மையத்தில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன்.
ஆதாரில் நான் பிறந்தது ஜனவரி ஒன்று.
பள்ளிச் சான்றிதழில் ஜூன் நான்கு.
அம்மா சொன்ன கணக்கு வேறு:
அனுமந்தீர்த்தத்தில் பதினெட்டு முழுகிவிட்டு
சனம் வண்டி கட்டிய சாயங்காலம்.
"அதுக்குக் கட்டம் இல்லீங்கக்கா" என்றான் பையன்.
பிறந்த மாவட்டம்?
தர்மபுரி.
"இதுல கிருஷ்ணகிரின்னு இருக்கே?"
ஊத்தங்கரை இருந்த இடத்தில்தான் இருக்கிறது தம்பி,
மாவட்டம்தான் எழுந்து போனது.

ரேஷன் கார்டில் மாதம்மா.
வாக்காளர் அட்டையில் மாதமாள்,
நடுவில் ஒரு புள்ளி எழுத்தை எவனோ தின்றுவிட்டான்.
பள்ளியில் பூ. மாதம்மாள், அப்பா பூபதி.
பேங்கில் தீ. மாதம்மாள்.
பூவுக்குத் தீ எப்போது வந்தது என்பதற்கும்
ஒரு சான்று வேண்டுமாம்.
கோயிலில் கட்டிய தாலிக்கு ரசீது போடவில்லை.
நோட்டரி வக்கீலிடம் பிரமாணம் எழுதினேன்:
மேற்கண்ட எல்லாரும் நான் ஒருத்தியே.

விசாரணைக்கு ஏட்டையா வந்தார்.
எதிர் ஜவுளிக்கடை ஷபீரிடம்
"இந்தம்மா பேரு தெரியுமா?"
பத்தொன்பது வருஷமாகத் தினம் டீ வாங்கிக் கொடுப்பவர்
என் முகத்தைப் பார்த்து விழித்தார்.
"பெயிண்ட் கடை அக்காங்க சார்."
அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டார்.

பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்றுதான்
சீட்டைச் சரியாகப் படித்தேன்.
சி. தீர்த்தகிரி, உரிமையாளர்.
மற்றும் திருமதி தீர்த்தகிரி.
லைசென்ஸ் அவர் பேரில், போர்டு அவர் பேரில்,
ஆள் ஒன்பது வருஷமாக ஓசூரில்,
வேறு வீட்டில்.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
"மேடம், எங்க ரிக்கார்டுல சார்தானே டீலர்?"
ராத்திரி அவரே கூப்பிட்டார்.
குரல் நன்றாகத்தான் இருந்தது.
"நீ எதுக்கு அலையற மாதம்மா,
எங்க ரெண்டு பேருதும் ரெடியா இருக்கு."

என் பெயரை அவர் மட்டும் எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

கப்பல் புறப்பட்ட சனிக்கிழமை
புட்டி மூட்டை லோடு இறங்கியது, நாற்பது.
எண்ணி வாங்கி
பில்லில் வழக்கம்போல அவர் பெயரைப் போட்டு,
அடித்து,
என் பெயரைப் போட்டேன்.
டிரைவர் பார்க்கவே இல்லை.
ஜி.எஸ்.டி. மாற்ற என்னென்ன தாள் வேண்டுமென்று
பையனிடம் கேட்டாயிற்று.
பெரும்பாலும் என் பையிலேயே இருக்கிறதாம்,
ஒன்றிரண்டுக்கு ஓசூர்க் கையெழுத்து வேண்டும்.
கப்பல் திரும்பட்டும்.

மத்தியானம் கூட்டம் இல்லை.
பாஸ்போர்ட் அட்டையைக் கலர் கார்டில் வைத்துப் பார்த்தேன்.
கடல் நீலம் என்று எத்தனை சுவருக்கு
கலக்கிக் கொடுத்திருப்பேன், கடலைப் பார்க்காமலே.
எதிலும் சேரவில்லை.
கொஞ்சம் கறுப்பு விட வேண்டும்,
இரண்டு சொட்டு, அதற்குமேல் போனால்

"அக்கா, டர்பன்டைன் அரை லிட்டர்."