வெள்ளைக் கோடு

முதல் நாள் ஐந்து நிமிஷம்தான்.
வீட்டுக் கேற்றிலிருந்து மரைன் டிரைவ் வரை,
சப்பாத்து இரண்டும் கையில்,
திருடப் போகிறவள் மாதிரி.
அதற்கே கெண்டைக்கால் கல்லாகி
மூன்று நாள் கந்தோர்ப் படிகளில்
பின்பக்கமாய் இறங்கினேன்.
கணக்குப் பிரிவு முழுக்கச் சிரித்தது.

ஏழு வருஷம் சப்பாத்தோடு ஓடியவள் நான்.
முழங்காலுக்குள் யாரோ மிளகு அரைக்கிற சத்தம்
வந்த பிறகுதான் கழற்றிப் பார்த்தேன்.
உள்ளே, வெயில் படாமல்,
அவித்த பனங்கிழங்கு நிறத்தில்
பாதம் என்று ஒன்று.
அதற்கு றோட்டைத் தெரியாது.
றோட்டுக்கும் அதைத் தெரியாது.

ஆகவே பாலர் வகுப்பு.
கிழமைக்கு ஐந்து நிமிஷம் கூட்டு.
நொந்தால் கூட்டாதே.
குதியால் குத்தாதே; முன்பாதம் முதலில்,
கடன் கேட்க வந்தவன் கதவைத் தட்டுகிற மாதிரி.

நாலே முக்கால் இருட்டில்
சதுரக்கல் நடைபாதை பரவாயில்லை.
தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி மூடிய இடம்
பொரிவிளாங்காயை உடைத்துக் கொட்டியது போல.
புதுத் தாரைப் பட்டு என்று சொல்லமாட்டேன்,
படுத்துப் பழகிய பாய்.
வௌவால் சப்பிப் போட்ட கொட்டங்காயில்
ஒருமுறை மிதித்தேன்.
வாயில் வந்த சொல்லை
எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேனோ.

"நேர்த்தியா பிள்ளை? கதிர்காமத்துக்கோ?"
பால் பக்கற் வாங்க வந்த அன்ரி கேட்டா.
"இல்லை அன்ரி, இருபத்தொரு கிலோமீற்றருக்கு."
அவ என் கழுத்தைப் பார்த்தா,
அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்தா.
"எதுக்கெண்டாலும் முருகன் தருவார்."

ஹோட்டல் காவலாளி பிரேமரத்னவுக்கு
அது நேர்த்தியாகத் தெரியவில்லை, வறுமையாகத் தெரிந்தது.
சப்பாத்து வீட்டில் இருக்கிறது என்றேன், அவருடைய பாஷையில்.
நம்பவில்லை.
அடுத்த கிழமை ஒரு சோடி றப்பர்ச் செருப்பை நீட்டினார்,
மகளுடையதாம், கால் வளர்ந்துவிட்டதாம்.
மறுக்கத் தெரியாமல்
கையில் பிடித்தபடி
மூன்று கிலோமீற்றர் ஓடினேன்.

ஆடியில் கண்ணாடி ஏறியது.
ஊசியால் கிளறி எடுத்தது அம்மா.
கண்ணாடி போடாமலே எடுத்தா.
"ரயில் பாதைச் சல்லி இதைவிட மோசம்" என்றா,
வேறொன்றும் சொல்லவில்லை.

எண்பத்துமூன்றில்
இதே கரையோரமாய், தண்டவாளத்தால்,
வெள்ளவத்தையிலிருந்து இந்துக் கல்லூரி முகாம் வரை
வெறுங்காலோடு ஓடியவ.
கிழமைக்கு ஐந்து நிமிஷம் கூட்டச் சொல்லி
யாரும் அவவுக்குச் சொல்லவில்லை.
சின்ன வயதில் எனக்கு அந்தத் தூரம்
இந்தியா வரை நீண்டிருந்தது.
காயம் ஆறி ஓடிய முதல் நாள்
மணிக்கூட்டில் அளந்து பார்த்தேன்:
இரண்டு கிலோமீற்றரும் கொஞ்சமும்.
நான் உடம்பைச் சூடாக்க ஓடுகிற தூரத்திலும் குறைவு.
அம்மாவிடம் சொல்லவில்லை.

நேற்று ஞாயிறு. பதினெட்டு ஓடவேண்டிய நாள்.
விடிய மழை; விட்டதும் வெளிக்கிட்டேன், பிந்திப் போச்சு.
தெகிவளை போய்த் திரும்பி,
காலிமுகத்திடல் போய்த் திரும்பும்போது
வெயில் ஏறிவிட்டது. தார் தோசைக்கல்.
ஓரத்தில் போட்ட வெள்ளைக் கோடு மட்டும்
சுடவில்லை.
அரை அடி அகலம்.
ஒரு காலுக்கு முன்னால் மற்றக் கால்,
கயிற்றில் நடப்பவள் மாதிரி,
ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க.

மூச்சு சீராய் இருந்தது.
பாதம் சத்தமே போடவில்லை;
மதிலோரம் படுத்திருந்த நாய்
தலையைத் தூக்கவில்லை.

லோறன்ஸ் றோட்டுத் திருப்பத்தில்
கோடு அழிந்துபோயிருந்தது.
பத்துப் பதினைந்து அடி வெறும் கறுப்பு.
நின்றேன்.
மதிலுக்கு அப்பால் ஒரு ரயில்
அளுத்கமைப் பக்கம் போனது.
மணிக்கூட்டைப் பார்த்தேன்.
வீட்டுக்கு இன்னும்
இரண்டு கிலோமீற்றரும் கொஞ்சமும்.