இருபது பாகை

லிம் சூ காங் பண்ணையிலிருந்து
தணிகைவேல் அனுப்பிய படத்தில்
பழைய சாய்தளத்தின் பாதியில்
முட்டி மடங்கிக் கிடக்கிறது ஒரு பசு.
'இந்தப் பொங்கலுக்கு வேறு செய்து தாங்க.
தேக்காவுக்குப் போய்த் திரும்பணும்.'

கோ கப்பலுக்குக் கைப்பிடி செய்பவர்,
கழிவுத் தொட்டிக்கு மூடி செய்பவர்.
மாடு அவருக்குப் புதிது.
"லாரித் தளம் ஒன்று புள்ளி ஒன்று மீட்டர்.
பலகை இரண்டு மீட்டர் போதும், லா.
இரும்பு மிச்சம்."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.
மாடு மேய்த்தவன் என்று
என் நெற்றியில் எழுதியிருப்பதாக நினைப்பு.
எங்கள் வீட்டில் இருந்தது
ஒரு தையல் மெஷின்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போனேன்.
வேலிக்கு வெளியே நின்று
மாடு எதற்கு நிற்கிறது என்று மட்டும்
காலையிலிருந்து எழுதினேன்.
தொங்கும் சங்கிலி.
நீல வாளி.
தெங்கா விமானத்தின் நிழல்.
பலகை இடுக்கில் கீற்றாக விழும் வெயில்.
இது ஒவ்வொன்றையும்
நின்று, மூக்கை நீட்டி, விசாரித்து,
பதில் பிடிக்காவிட்டால் திரும்பிவிடுகிறது.
திரும்ப இடம் இருப்பதுதான் தப்பு.

ஆக, பக்கச் சுவர்கள் மூடிய தகடு.
அகலம் ஒரு மாடு, ஒரு சாண் கூடுதல்.
இருபது சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குச் சட்டம்,
மழைநீர் வடிய ஓரத்தில் விரல் இடைவெளி.
லாரியும் பலகையும் சேருமிடத்தில்
குளம்பு நுழையாத மடிப்புத் தகடு.
லாரிக்குள் ஒரு விளக்கு:
இருட்டுக்குள் ஏறு என்றால் யார்தான் ஏறுவார்கள்.
இரண்டு மீட்டரில் முப்பத்து மூன்று பாகை வருகிறது.
மூன்றேகால் மீட்டர் கொடுங்கள், இருபது.
கோ கால்குலேட்டரைத் தட்டினார்,
தணிகைவேலை அழைத்தார்,
சீன மொழியில் யாரையோ திட்டினார்,
சரி என்றார்.

அன்று மாலை எங்கள் லாரி வந்தது.
டயரில் ஒரு கால்,
கொக்கியில் ஒரு கால்,
மேலிருந்து ரொபியுலின் கை.
நாலு வருடமாக ஏறுகிறேன்,
அன்றுதான் மனசு தானாக அளந்தது.
தொண்ணூறு.

எடைச் சோதனைக்கு எண்ணூறு கிலோ வேண்டும்.
சுங்கை காடுட்டில் மாட்டுக்கு எங்கே போவது.
"பன்னிரண்டு பேர் நில்லுங்கள்" என்றார் கோ.
எங்கள் லாரியின் பின்னால் பொருத்தி
நெஞ்சும் முதுகும் ஒட்ட வரிசையாக ஏறினோம்.
பாதியில் ரொபியுல் 'ம்ம்மா' என்றான்.
தகட்டுச் சுவருக்குள் பன்னிரண்டு பேரின் சிரிப்பு
தொட்டித் தண்ணீர் மாதிரி அலைந்தது.
வெல்டிங் முனகவில்லை.
கோ கையெழுத்துப் போட்டார்.
போட்ட பிறகும்
நாங்கள் இரண்டு தடவை ஏறி இறங்கினோம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம்
படத்தில் கிடந்த அதே பசு முதலில் வந்தது.
மூன்றாம் சட்டத்தில் நின்றது.
யாரும் வாலைத் தொடாதீர்கள் என்றேன்,
எனக்கே ஆச்சரியமான அதிகாரத்தோடு.
நான் தேய்க்க மறந்த ஒரு பற்றுமுடிச்சை
அது நக்கிப் பார்த்தது.
பிறகு, ஏதோ பழைய கணக்கு முடிந்ததுபோல,
அவசரமில்லாமல் மேலே போனது.

தேக்காவில் அதற்கு மாலை போட்டார்களாம்,
குழந்தைகள் தொட்டுப் பார்த்தார்களாம்.
எனக்கு அன்று ஓவர்டைம்.

பிப்ரவரியில் கீல் பழுது என்று
சாய்தளம் பட்டறைக்குத் திரும்பி வந்தது.
ஒரு மணி நேர வேலை.
இரண்டு நாள் ஆக்கினேன்.
அந்த இரண்டு மாலையும்
எங்கள் லாரியின் பின்னால்
அதை யார் தள்ளி வைத்தது என்று
கோ கேட்கவில்லை.
பேன்ட் பையில் கைவிட்டபடி ஏறினார்
முழங்கால் வலிக்கார மாரிச்சாமி,
மணவறைக்குப் போகிறவர் மாதிரி.

மூன்றாம் நாள் பண்ணை ஆள் வந்து
எடுத்துப் போய்விட்டான்.
டயரைப் பிடித்தேன்.
நாள் முழுக்க ஓடிய சூடு
அப்படியே இருந்தது.