தண்ணிக்குக் கழிவு

மஸ்கெலியாவில் மழை விடாத வியாழக்கிழமை.
நூற்றுப் பன்னிரண்டு வினாக்கொத்துகளும்
பொலித்தீன் பைக்குள் பத்திரம்.
நனைந்தது நான் மட்டும்.

ஏழாவது கேள்வி:
சென்ற தவணை கணிதத்தில் நீர் பெற்ற புள்ளி?
பெயர் வேண்டாம், சுட்டெண் போதும் என்றிருந்தேன்.
சுட்டெண் இருந்தா பேரும் இருக்குதானே என்று
பின்வாங்கில் ஒரு குரல்.
கெட்டிக்காரன். கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அதிபர் அறையில் பழுப்பு மட்டைப் பதிவேடு.
விரலை வரியில் வைத்து ஒத்துப் பார்க்கிறேன்.
முப்பத்தொன்று, முப்பத்தைந்தாகி இருக்கிறது.
இருபத்தெட்டும் முப்பத்தைந்து.
பத்தொன்பதும் அதே முப்பத்தைந்து.
திடீர் மழைக்கு எல்லாரும் ஓடி ஒதுங்கும்
ஒரே தகரக் கூரை அந்த எண்.

நாற்பதாம் தாள் எழுபத்திரண்டு என்கிறது.
ஏடு இருபத்தேழு என்கிறது.
இலக்கங்களை இடம் மாற்றியது
பேனாவா ஆசையா,
பேராசிரியர் கேட்கமாட்டார்.
அவருக்குச் சராசரி வழு வேண்டும்,
இரண்டு தசமத்தில்.

பிறகு எண்பத்து மூன்றாம் தாள்.
எழுதியது ஐம்பத்தெட்டு.
ஏட்டில் அறுபத்தொன்று.

கூப்பிடக் கூடாது. கூப்பிட்டேன்.
ஒரு சப்பாத்தின்மேல் மறு சப்பாத்தை வைத்து நின்றாள்.
ஏன் மூன்று குறைச்சல்?

"தண்ணிக்கு, மிஸ்."

விளங்கவில்லை எனக்கு.

"அம்மா இருபத்தொரு கிலோ பறிச்சா
பதினெட்டுத்தான் போடுவாங்க.
சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு.
நாமளே கழிச்சிச் சொல்லிட்டா
அவங்க கழிக்கமாட்டாங்கன்னு..."

மணி அடித்தது. போய்விட்டாள்.
அவளை எந்த நிரலில் போடுவது?

ரொசாலின் டீச்சர் பிளேன்டீயோடு வந்தார்.
ஏட்டைப் பார்த்துச் சிரித்தார்.
"இது ரெண்டாவது ஏடு, தங்கச்சி.
மொதல் ஏடு ஒழுக்குல ஊறிப்போச்சு.
மை ஓடின எடத்தையெல்லாம்
ஞாபகத்துல இருந்துதான் எழுதினேன்."

எந்தெந்த இடம் என்று கேட்டேன்.
அது ஞாபகமில்லை என்றார்.

ஹட்டன் பஸ்ஸில், கண்ணாடி முழுக்கப் புகார்.
மடியில் என் பயணப்படிப் பத்திரம்.
புறப்பட்ட நேரம் என்ற கட்டத்தில்
காலை ஆறு என்று எழுதுகிறேன்.

ஏழே கால்.